சொல்லியாச்சா: இல்லை

அன்று காலை பத்து மணிக்குள் அத்-பாஷி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடையில் தெரியும், பள்ளிவாசலில் தெரியும், நாரினுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர்கள் நிற்கும் முனையில் தெரியும். கனிஷாய்க்கு மட்டும் தெரியாது. ரஷ்யாவில், யெகாடெரின்பர்க்கில் வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் முந்தின நாள் காலையில் பனியில் சறுக்கிக் கவிழ்ந்துவிட்டது. அதில் இருந்த ஒன்பது பேரில் செத்தது ஒருவன். அவள் தம்பி உர்மாத்.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியைப் போனில் சொல்லிவிட்டு வைக்கிற வழக்கமில்லை. அதைக் காதில் போடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் போகவேண்டும், அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் கூடப் போகவேண்டும், கேட்கிறவள் விழுந்தால் பிடிப்பதற்குத் தாய்வழிப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருக்கவேண்டும். அதுவரை வாய் திறப்பவன் மனிதனே இல்லை. கனிஷாயின் பெரியப்பா ஷார்ஷென் எட்டு மணிக்கே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். சித்தியை நாரினிலிருந்து வரச் சொல்லியாயிற்று. அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. கனிஷாய்க்கு உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்கள். மலைப்பாதையில் பனி கிடந்ததால் அவள் வந்து சேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும்.

"மூணு மணிக்குச் சொல்றோம்" என்றார் ஷார்ஷென். "அதுவரைக்கும் அவ காதுல ஒரு எழுத்து விழக் கூடாது. விழுந்துச்சு, நான் யாரையும் சும்மா விடமாட்டேன்."

அவளை மூன்று மணி வரை நூலகத்திலேயே இருத்தி வைப்பது ஜூராவின் பொறுப்பு. இரண்டு பேரும் பதினோரு வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். ஜூரா வந்ததும் வராததுமாக, "என் போன் செத்துப்போச்சுடி, உன்னோடதைக் குடு, என் பொண்ணுகிட்டப் பேசணும்" என்று கனிஷாயின் போனை வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு தட்டு நிறைய போர்சோக் எடுத்து வைத்தாள். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து எண்ணெயில் பொரித்தது. எல்லோரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். கனிஷாயின் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதில் அவள் வேலை எப்படி நடக்கிறதென்று ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லாரி ஓட்டின அப்பா பெய்ஷென் அவளுக்குப் பன்னிரண்டு வயதில் இறந்துபோனார். பதினெட்டில் அம்மாவும் போனாள். அப்போது உர்மாத்துக்கு ஒன்பது. ஷார்ஷென் பையனைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். கனிஷாய் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவனுக்குச் சட்டை தைத்ததும், பேன் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் எவனோ அடித்தான் என்று போய் அந்தப் பையனின் அப்பனிடம் சண்டை போட்டதும் அவள்தான். ஷார்ஷென் வாரம் ஒரு மூட்டை கரி கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார். அதற்கு நன்றி சொன்னால் திட்டுவார்.

பையன் கொஞ்சம் வளர்ந்த பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி பிஷ்கெக் போனாள். கல்யாணம் மூன்று வருடம்கூட நிற்கவில்லை. அந்த மூன்று வருடத்தில் ஓட்டல்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டாள். திரும்பி வந்தபோது புருஷனைக் கொண்டுவராவிட்டாலும் ஒரு தொழிலைக் கொண்டுவந்தாள் என்று ஜூரா சொல்லுவாள். அந்தக் கேலியை ஜூரா வாரத்துக்கு இரண்டு தரமாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

உர்மாத் இருபத்திரண்டு வயதில் ரஷ்யாவுக்குப் போனான். எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருக்கிறார்கள். அதே வருடம், அங்கே மருத்துவமனையில் தரை துடைக்கும் மேரிம் என்ற பெண் கனிஷாயைக் கூப்பிட்டாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான். வெளியூரில் செத்து மண்ணுக்குத் திரும்பிய நம் ஆட்களின் பெயரெல்லாம் ஓரிடத்தில் இருக்கவேண்டும், எங்கே இருந்தாலும் பார்த்து ஒரு துவா ஓதுவோம், செய்து தருவீர்களா என்று கேட்டாள். கனிஷாய் ஒரு வாரத்தில் செய்து கொடுத்தாள். மேய்ச்சல் மலையில் போன் ஒரு கோடு சிக்னலில் தவிக்கும். அதனால் கனமான எதையும் வைக்கவில்லை. முன்கூட்டியே எழுதி முடித்து அடுக்கிவைத்த வெறும் பக்கங்கள்.

ஒரு ஃபோல்டர். அதில் ஆளுக்கு ஒரு சின்ன ஃபைல். பெயர், பிறந்த வருடம், ஊர், இறந்த நாள், அடக்கம் ஆன இடம். எல்லாப் பக்கத்தையும் வார்த்தெடுக்கிற அச்சில் அவள் ஒரு லூப் எழுதியிருந்தாள். அது ஃபோல்டருக்குள் போய் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை எழுதி, அடுத்ததற்குப் போகும். மேரிம் அங்கிருந்து புதிதாக ஒரு ஃபைல் போட்டால் போதும். அச்சு தானே அவரைச் சேர்த்துக்கொள்ளும். முதல் பக்கத்தின் தலையில் மொத்தம் எத்தனை பேர் என்று ஒரு எண். அந்த எண்ணுக்கான வரியைத்தான் அவள் முதன்முதலில் எழுதினாள்: ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று எண்ணு, அவ்வளவுதான்.

இரண்டாவது வருடம் ஒரு கொடுமை நடந்தது. சந்தையில் குருத் என்ற உலர்ந்த தயிர் உருண்டை விற்கிற ஒருத்தி, பக்கத்துக் கடைக்காரியின் போனில் தன் மகன் பெயரைப் பார்த்துவிட்டாள். வீட்டு ஆட்கள் சாயங்காலம் காதில் போடலாம் என்று இருந்தார்கள். அவள் தயிர் உருண்டைகளின் மேலேயே விழுந்தாள். பிடிக்க ஆளில்லை. அன்று கனிஷாய் வீட்டுக்குப் போய் அடுப்புக்கூட மூட்டவில்லை. மறுநாள் ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு வரி சேர்த்தாள்: *சொல்லியாச்சா*. அதற்குப் பதில் *ஆம்* அல்லது *இல்லை*. பிறகு ஒரு ஹெல்பர் எழுதினாள். பக்கங்கள் எல்லாம் கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு சின்ன எடுபிடி அது. ஃபோல்டரை வாங்கி, *இல்லை* என்று இருப்பவர்களை விலக்கிவிட்டு, மற்றவர்களை மட்டும் கையில் கொடுக்கும். ஊர்வாரிப் பட்டியல், வருடவாரிப் பட்டியல் என்று எல்லா லூப்பும் அன்றிலிருந்து அந்த ஹெல்பர் வழியாகத்தான் போயின. விலக்கப்பட்டவர்கள் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று. உடலை அனுப்புகிற வேலையைப் பார்க்கும் மேரிமின் ஆட்களுக்கான தனிப் பக்கம் அது.

தலையில் இருந்த எண்ணை மட்டும் அவள் மறந்துவிட்டாள். அது ஹெல்பருக்கு முந்தின காலத்து வரி. ஐந்து வருடமாக யாரும் கவனிக்கவில்லை. செத்தவர்களின் எண்ணிக்கையை யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

தனக்கென்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தாள். *இல்லை* என்று இருக்கிற ஃபைலைத் திறந்து பார்க்கமாட்டாள். சின்ன ஊர். பார்த்துவிட்டால் மறுநாள் அந்தத் தாயிடமே பால் வாங்கவேண்டி வரும், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பெரியவர்கள் செய்தி அனுப்பியபின் *ஆம்* என்று மாற்றுவதோடு சரி. இதற்காகவே எங்கள் பெரியவர்கள் அவளை மதித்தார்கள். பெண்பிள்ளை என்றும் பார்க்காமல் ஒரு முறை ஷார்ஷென் சபையில் கையேந்தி அவளுக்கு ஆசி கேட்டார்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்கு நூலகத்துக்கு ஒருத்தி வந்தாள். மலைப்பக்கத்தில் ஆடு மேய்ப்பவள். ஊர்ச்செய்தி எதுவும் தெரியாதவள். போன வருடம் செத்த அவள் புருஷனின் பிறந்த வருடம் இணையப் பக்கத்தில் தப்பாக இருக்கிறதாம்.

"இன்னிக்கு ஆகாதும்மா, நாளைக்கு வாங்க" என்று ஜூரா எழுந்து அவள் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினாள்.

"ஏய், என்னடி பண்ற? அவங்க ரெண்டு மணி நேரம் குதிரையில வந்திருக்காங்க." கனிஷாய் நாற்காலியைத் தள்ளிப்போட்டாள். "உக்காருங்க அக்கா. என்ன வருஷம்?"

"ஐம்பத்தெட்டு. அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அந்த மனுஷன் உசுரோட இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு, பத்து வயசு குறைச்சிட்டீங்கன்னு."

கனிஷாய் சிரித்தாள். ஜூரா சிரிக்கவில்லை. கனிஷாய் வருடத்தை மாற்றி, பக்கங்களை மறுபடி கட்டச் சொல்லிக் கம்ப்யூட்டரை ஓட்டி, வந்தவளுக்குக் காட்டி, இரண்டு போர்சோக்கும் கொடுத்து அனுப்பினாள். பிறகு முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தலையில் அறுபத்திரண்டு என்று இருந்தது.

பிப்ரவரியில் கடைசிப் பெயருக்கு *ஆம்* போட்டது அவள்தான். அது அறுபத்தொன்று. பட்டியலில் விரல் வைத்து எண்ணினாள். அறுபத்தொன்றுதான்.

"ஜூரா."

"ம்."

"யாரோ ஒருத்தர் வீட்டுக்கு இன்னும் சொல்லல."

ஜூரா கையிலிருந்த டீக்கோப்பையை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பால் டீ சாஸரில் கொட்டியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணு ஒண்ணு கூட இருக்கு. மேரிம் யாரையோ போட்டிருக்கா. பாவம், யார் வீட்டுல எந்த அம்மா இந்நேரம் சோறாக்கிட்டு இருக்காளோ."

"விடுடி. நமக்கெதுக்கு."

"நமக்கெதுக்கா? என் தப்புடி இது. என்னை மாதிரி வேற யாராவது எண்ணிப் பாத்தா? வீட்டுல அங்க ஒரு பையன் இருக்கிறவ எண்ணிப் பாத்தா என்ன நினைப்பா?"

"கனிஷாய், அதை நாளைக்குப் பாரு. இப்ப டீ குடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? காலையிலேர்ந்து என்னைய ஒரு தடவைகூடக் கிண்டல் பண்ணல. கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டவளேன்னு சொல்லல. காய்ச்சலா?"

ஜூரா எழுந்து போனாள். புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கும் கரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள். ஒரு பத்து நிமிடம் அவளைத் தனியாக விட்டேனே என்று இன்றுவரை தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள்.

கனிஷாய் அந்தப் பழைய வரியை எடுத்தாள். ஃபோல்டரை எண்ணு என்று இருந்ததை, ஹெல்பர் கொடுப்பவர்களை எண்ணு என்று மாற்றினாள். ஒரே ஒரு வரி. ஹெல்பரைத் தொடுகிற வேலை எது செய்தாலும், அது சரியான ஆளைத்தான் விலக்குகிறதா என்று பார்க்க, விலக்கும் ஒவ்வொரு பெயரையும் திரையில் எழுதிக் காட்டச் சொல்லி நடுவில் ஒரு வரி சேர்ப்பாள். கம்பெனியில் கற்ற பழக்கம் அது. பரிசோதனைக்கு வைத்திருக்கும் பொய்ப் பெயர்களோடுதான் எப்போதும் அதைச் செய்வாள். அன்று உண்மையான ஃபோல்டரே திறந்து கிடந்தது. கை பழக்கத்தில் வரியைச் சேர்த்துவிட்டு ஓட்டிவிட்டது. பார்க்கமாட்டேன் என்ற கட்டுப்பாடு அவள் நினைவுக்கு வருவதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது.

*விலக்கியது: பெய்ஷென் மகன் உர்மாத், 1996, அத்-பாஷி, மார்ச் 24.*

முதலில் அவள் நினைத்தது, மேரிம் வருடத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாளே என்பதுதான். அடுத்ததாக, வேறு பெய்ஷெனுக்கு மகனாக இருக்கலாம் என்று நினைத்தாள். அத்-பாஷியில் வேறு எந்த பெய்ஷெனுக்கும் உர்மாத் என்று மகன் இல்லை. அவளுக்குத் தெரியாதா? ஊரில் செத்தவர்கள் பெயரும் இருப்பவர்கள் பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

முதல் பக்கத்தைப் பார்த்தாள். தலையில் இப்போது அறுபத்தொன்று. அவள் திருத்தியது வேலை செய்துவிட்டது. தம்பியை அந்தக் கணக்கிலிருந்தும் எடுத்துப் போட்டது அவள் கைதான்.

கத்தவேண்டும் போல இருந்தது அவளுக்கு. தட்டிலிருந்த போர்சோக்கைப் பார்த்தாள், ஜூரா வாங்கிக்கொண்டுபோன போன் ஞாபகம் வந்தது, காலையில் ரொட்டிக்கடைக்காரன் காசை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. ஊரே சேர்ந்து அவளைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறது. அவள் ஐந்து வருடமாக மற்றவர்களுக்குக் கட்டின அதே வேலி.

அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சேர்த்த வரியை அழித்தாள். திருத்தின பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். யாரோ ஒருத்தி எண்ணிப் பார்த்துவிடக் கூடாதே. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜூரா கண் சிவந்து திரும்பி வந்தாள். "கரித்தூசி" என்றாள்.

"முகத்தைக் கழுவு" என்றாள் கனிஷாய்.

மணி ஒன்று பத்து. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூரா ஓடிப்போய் ஷார்ஷெனை இழுத்துவந்திருப்பாள். அவர் பிடிக்க ஆளில்லாமல், சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சேர்த்துவைக்காமல், மூச்சிரைக்க வந்து நின்றிருப்பார். அது கனிஷாய்க்கு வேண்டாமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒரு மனித வாய் சொல்லும்வரை அது உண்மையாகிவிடவில்லை என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார நினைப்பு. திரை தப்பாகச் சொல்லலாம். அறுபத்தெட்டு என்று சொல்லவில்லையா?

நவ்ரூஸ் பண்டிகைக்கு வரட்டுமா அக்கா என்று அவன் பதினைந்து நாளைக்கு முன்னால் கேட்டான். "இந்தச் சேத்துல வந்து என்ன பண்ணப் போற? மே மாசம் வா, புல்லு வந்திருக்கும், வீட்டுக் கூரையையும் போட்டுரலாம்" என்று இவள் சொன்னாள். "உனக்கு என்னைவிடக் கூரைதான் முக்கியம்" என்று அவன் சிரித்தான். "ஆமா, கூரை எதிர்த்துப் பேசாது" என்றாள். வந்திருந்தால் அந்த வேனில் ஏறியிருக்கமாட்டான். உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள்.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஜூரா எழுந்து கோட்டை மாட்டினாள். "பெரியப்பா உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாராம். நானும் வரேன், வா."

"சரி."

என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை ஜூரா கவனிக்கும் நிலையில் இல்லை. பனி உருகித் தெரு முழுக்கச் சேறு. எதிரே வந்தவர்கள் குனிந்துகொண்டே போனார்கள். ஒரு ஜன்னலில் திரைச்சீலை விலகி மூடியது.

அவள் வீட்டு வாசற்கதவு திறந்திருந்தது. முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு ஆண்களும் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஷார்ஷென். எழுபத்தொரு வயது மனிதர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி தலையில் வைத்தார். வீட்டுப் படியில் சித்தி நின்றாள். அவளுக்கு வந்ததும் சொல்லியிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது.

ஷார்ஷென் காலையிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தார். முதலில் உடம்பு சரியில்லை என்பது, அப்புறம் ரொம்ப மோசம் என்பது, அப்புறம்தான் மீதி. அப்படி ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டுபோவதுதான் முறை.

"மகளே" என்றார். "உர்மாத்கிட்டேயிருந்து ஒரு சேதி வந்துச்சு. அவனுக்குக் கொஞ்சம்..."

அவள் முகத்தைப் பார்த்தார். ஊரில் எத்தனையோ வீட்டுக்குப் போய்ச் சொன்னவர். கேட்பதற்கு முன்னால் ஒரு முகம் எப்படி இருக்கும், கேட்டபின் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

ஜூரா திடுக்கிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல, பெரியப்பா."

"கனிஷாய்..."

"எனக்கு யாருமே சொல்லல" என்றாள் அவள். அவர் சட்டைக் கையைச் சிறுபிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. அவனுக்கு உடம்பு சரியில்லைன்னு ஆரம்பிங்க."

ஷார்ஷென் அவள் கைமேல் தன் கையை வைத்தார். சித்தி படியிறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். பெரியவர் முதலிலிருந்து சொன்னார். உடம்பு சரியில்லை என்று சொன்னார். "எவ்வளவு சரியில்லை?" என்று அவள் கேட்டாள். ரொம்ப மோசம் என்றார். "டாக்டர் பாத்தாரா?" என்றாள். பாத்தாரும்மா, அவராலயும் முடியல என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். நின்றிருந்த ஆண்களில் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றாள் கனிஷாய்.

"உர்மாத் நம்மள விட்டுப் போயிட்டாம்மா."

அவள் விழுந்தாள். சித்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.